அம்மாவைக் கடித்த கட்டுவிரியனும் அதைத் தேடிப் பிடித்த இருளர் பெரியவரும்

ஏரிக்கரை எழுதியது:

போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அம்மா இப்போது நன்றாக நடமாடுகிறார், அதனால்தான் எழுத மனம் வந்திருக்கிறது.

மதுராந்தகத்துக்குக் கிழக்கே, ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. அன்று ராத்திரி நல்ல மழை, கரண்ட் இல்லை. அம்மா கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். இரண்டு மணி வாக்கில் எழுந்து, "கையில ஏதோ சுருக்குன்னுச்சுடா" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். தடிப்பு இல்லை, ரத்தம் இல்லை, எறும்பு கடித்தால் வருமே அந்தச் சிவப்புக்கூட இல்லை. பூரானாக இருக்கும் என்று சுண்ணாம்பைத் தடவிவிட்டு இரண்டு பேரும் படுத்துவிட்டோம். இந்த வரியை எழுதும்போது எனக்கு இன்னமும் கை நடுங்குகிறது.

மூன்றரைக்கு வயிற்றுவலி என்று எழுந்தார். சாயங்காலம் சாப்பிட்ட மொச்சைக் குழம்புதான் காரணம் என்று ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள் என் மனைவி. நாலரை மணிக்கு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கண் பாதி மூடியிருந்தது. "தூங்காதம்மா, கண்ணைத் திற" என்றேன். "திறந்துதான்டா இருக்கேன்" என்றார். இமை தூக்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு வயிறு கலங்கியது.

சித்தப்பா வந்து பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பக்கத்து ஊரில் விஷக்கடி பார்ப்பவரிடம் கூட்டிப்போனார். அவர் வேப்பிலை கொடுத்து மெல்லச் சொன்னார். கசக்கிறதா என்று கேட்டார். கசக்குது என்று அம்மா சொன்னார், சொல்லும்போதே நாக்கு குழறியது. கசந்தால் விஷம் ஏறவில்லை என்று சொல்லி ஏதோ ஒரு வேரை அரைத்துக் கொடுத்தார். அதை அம்மாவால் விழுங்க முடியவில்லை, கடைவாய் வழியாக வழிந்தது. அதற்கப்புறம்தான் 108-ஐக் கூப்பிட்டோம்.

அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது மணி ஆறு. இரவு டூட்டியில் இருந்த டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "தரையில படுத்தாங்களா?" ஆமாம் என்றேன். "கட்டுவிரியனாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஊசிக்கு ஏற்பாடு செய்தார். செயற்கை சுவாசத்தில் நான்கு நாள். ஐந்தாம் நாள் அம்மா ஒரு விரலை அசைத்தார்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, பாம்பு இன்னும் வீட்டைச் சுற்றித்தான் இருக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். எங்கள் வயலில் எலி பிடிக்க வரும் இருளர் பெரியவர் ஒருவரைத் தேடிப்போய்க் கூட்டிவந்தேன். கையில் கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். வீட்டை ஒரு சுற்று சுற்றினார். குளியலறைச் சுவரை ஒட்டி மூன்று வருடமாக அடுக்கிவைத்திருந்த செங்கல்லுக்கு முன்னால் குந்தினார். ஒரு செங்கல்லின் இடுக்கிலிருந்து பாம்புச் சட்டை ஒன்றை உருவி எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "நடு முதுகுல ஒரே ஒரு வரிசைச் செதில் மட்டும் பெருசா, ஆறு மூலையா இருக்கு பாருங்க. இது கட்டுவிரியன் சட்டை" என்றார். அப்புறம் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துவைத்தார். அடியிலிருந்து நாலாவது வரிசையில், சுருண்டு, தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தது. மினுமினுக்கும் கறுப்பு, அதில் மெல்லிசாக இரட்டை இரட்டையாக வெள்ளைக் கோடு. பகலில் அது அவ்வளவு சாது. மூன்று நிமிடத்தில் பைக்குள் போய்விட்டது.

நாங்கள் கொடுத்தது 200 ரூபாயும் ஒரு சொம்பு மோரும். அம்மாவுக்கு ஏற்றிய மருந்துக்கு மூலமான விஷத்தை எடுப்பதே இந்த மக்கள்தான் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிற்பாடு அந்த டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டு விஷயம் பேச வேண்டும். கடி பட்ட வீட்டில் முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது? அப்புறம், இந்தத் தொழிலும் இதைத் தெரிந்தவர்களும் இன்னும் எத்தனை காலம் இருப்பார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

சகோதரரே, அம்மா பிழைத்ததில் ரொம்ப சந்தோஷம். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர், பதினான்கு வருட அனுபவம். நீங்கள் எழுதியது அப்படியே பாடப்புத்தகக் கட்டுவிரியன் கடி. ராத்திரி, தரையில் படுக்கை, வலியில்லாத கடி, அப்புறம் வயிற்றுவலி, அப்புறம் இமை இறங்குவது. காயம் கண்ணுக்குத் தெரியாததால்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். ராத்திரி நல்லாப் படுத்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்குது, கண்ணைத் திறக்க முடியலை, விழுங்க முடியலை என்று சொன்னால், கடித்த தடமே இல்லாவிட்டாலும் பாம்பு என்றே நினைத்துக் கிளம்பிவிடுங்கள்.

கண்ணாடி விரியன் இதற்கு நேர் எதிர். கடித்த இடம் தீயாய் எரியும், வீங்கிக்கொண்டே போகும், ஈறில் ரத்தம் கசியும், சிறுநீர் குறையும். ரத்தம் உறைகிற சக்தியைக் கெடுத்துவிடும், சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். தாமதமாக வந்தவர்களை டயாலிசிஸில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நாங்கள் செய்யும் முதல் சோதனைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். அப்புறம் சாய்த்துப் பார்த்தால் உறைந்திருக்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடினால் கண்ணாடி விரியன் வகை விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் கட்டுவிரியன் கடியில் இந்தச் சோதனை சரியாகவே காட்டும், ஏனென்றால் அது தாக்குவது நரம்பை. அதனால் இமையையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே இருப்போம். ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் வைத்துத்தான் அனுப்புவோம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடி பட்டவரைப் படுக்கவையுங்கள், நடக்கவிடாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்கினால் அதுவே விரலை வெட்டிவிடும். எலும்பு முறிந்தால் கட்டைவைத்துக் கட்டுவோம் இல்லையா, அதேபோல் கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-க்குச் சொல்லுங்கள். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள், வாய்வைத்து உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். கயிறு கட்டியே கால் கறுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், அடிக்கப் போய் இன்னொருவர் கடி வாங்கி வந்த கதையும் உண்டு. நம் ஊரில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புக்கும் பொதுவானதுதான். தூரத்திலிருந்து செல்போனில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

இன்னொன்று. குழந்தைக்கு மருந்து குறைவாகப் போடுங்கள் என்று தாய்மார் கெஞ்சுவார்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. குழந்தைக்கும் பெரியவருக்கும் அதே அளவுதான்.

கடைமடை எழுதியது:

செவிலியர் அக்கா சொல்வது சரி. ஆனால் விஷக்கடி வைத்தியர் என்றாலே எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்கிற மாதிரிப் பேச்சு போவதில் எனக்கு வருத்தம் உண்டு. என் தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நாற்பது வருடம் விஷக்கடி பார்த்தார். ஒரு பைசா வாங்கமாட்டார், வாங்கினால் வித்தை பலிக்காது என்பார். நடுராத்திரியில் கதவைத் தட்டினால் ஈரத்துணியோடு எழுந்து வருவார். ஆஸ்பத்திரி இருபது மைல் தள்ளி, ரோடும் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்களுக்கு வேறு யார் இருந்தார்கள்? அவர் கையில் நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

இரவுப்பணி எழுதியது:

தம்பி, உங்கள் தாத்தாவை நான் ஒரு சொல் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் அவர் கொடுத்த தைரியமே பெரிய மருந்து. ஆனால் கணக்கை யோசியுங்கள். நம் வயலில், வீட்டில் கடிக்கும் பாம்புகளில் நிறைய விஷமில்லாதவை. சாரை, தண்ணீர்ப்பாம்பு, வெள்ளிக்கோல் வரையன் எல்லாம் அந்த வகை. விஷப்பாம்பே கடித்தாலும் சில நேரம் விஷத்தை இறக்காமல் விட்டுவிடும். இவர்கள் எல்லோரும் வேர் தின்றாலும் பிழைப்பார்கள், தின்னாவிட்டாலும் பிழைப்பார்கள். விஷம் இறங்கிய அந்தச் சிலருக்குத்தான் உண்மையான சோதனை. ஏறிய விஷத்தை முறிப்பது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் அந்த மருந்து ஒன்றுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் வட்டாரத்தில் விஷக்கடி பார்க்கும் இரண்டு பெரியவர்களிடம் நேரில் போய்ப் பேசினேன். "நீங்க விபூதி பூசுங்க, மந்திரிங்க, ஆனா வண்டியில ஏத்திட்டு மந்திரிங்க" என்றேன். ஒருவர் கோபித்துக்கொண்டார். இன்னொருவர் இப்போது ஆளைத் தன் வீட்டு வாசலில் இறக்கவே விடுவதில்லை, நேராக எங்களிடம் அனுப்புகிறார், சில நேரம் கூடவே வருகிறார். அவர் சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள், நான் சொன்னால் கேட்பதில்லை.

கடைமடை எழுதியது:

அக்கா, இது நியாயமான பேச்சு. தாத்தா இருந்திருந்தால் இதற்கு ஒப்புக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கடைசி வருடங்களில் அவரே "கண்ணாடி விரியன்னா என்கிட்ட கொண்டாராதீங்க" என்று சொல்லிவிட்டார்.

கன்னியம்மா துணை எழுதியது:

நான் இருளர். செங்கல்பட்டு மாவட்டம். என் அப்பா பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

எங்கள் பாட்டன் காலத்தில் பாம்பைத் தோலுக்காகப் பிடித்தோம். தோல் வியாபாரிகள் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள், பிடித்தவனுக்குக் கிடைப்பது அரிசிக்காசு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. எங்களுக்கு நிலமும் கிடையாது, படிப்பும் கிடையாது. தெரிந்தது ஒன்றுதான், அதுவும் குற்றமாகிவிட்டது. ரோமுலஸ் விட்டேக்கர் என்ற பாம்பு ஆய்வாளர் எங்கள் பெரியவர்களோடு சேர்ந்து 1978-இல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது. பாம்பைக் கொல்லாமல், விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திருப்பி விடுவது என்று தொழிலே மாறியது.

நான்கு பாம்பு மட்டும்தான் பிடிப்போம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை அனுமதி தரும், அதற்கு மேல் ஒன்று கூடத் தொடமாட்டோம். பிடித்த பாம்பை மண்பானையில் விட்டு, வாயைப் பருத்தித் துணியால் கட்டி, பெயர்ச்சீட்டு மாட்டி வைப்பார்கள். வாரம் ஒரு முறை என்று மொத்தம் நாலு தடவை விஷம் எடுப்பார்கள். கண்ணாடிக் குவளையின் வாயில் மெல்லிய தோல் போர்த்தி, பாம்பின் தலையைப் பிடித்துக் கடிக்கவிட்டால், நல்ல பாம்பு விஷம் மஞ்சளாக எண்ணெய் மாதிரி இறங்கும். சுருட்டையிடம் கிடைப்பது துளிக்கும் குறைவு. அதை உறையவைத்து உலர்த்தித் தூளாக்கி, மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்துத்தான் ஏரிக்கரை அண்ணன் அம்மாவுக்கு ஏற்றிய மருந்து. நாலு தடவை எடுத்த பாம்பின் வயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு வெட்டு வைத்துக் காட்டில் விடுவார்கள். மறுபடி யாராவது பிடித்தால், அடையாளத்தைப் பார்த்து அங்கேயே விட்டுவிட வேண்டும். சட்டை உரித்து உரித்து அந்த வெட்டும் கொஞ்ச நாளில் மறைந்துவிடும்.

அண்ணன் எழுதிய பெரியவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தாரே, அதைப் படித்தபோது என் அப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது. அப்பா வளையின் வாயில் மண் வழவழப்பாக இருக்கிறதா, சிலந்திவலை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார். எச்சத்தை விரலில் தேய்த்து எலிமயிர் இருக்கிறதா என்று பார்ப்பார். எனக்கு இதில் பாதிகூடத் தெரியாது. நான் பட்டப்படிப்பு படித்தேன், அதில் அப்பாவுக்குப் பெருமை. ஆனால் அவரோடு நடந்திருக்க வேண்டிய வருடங்களை நான் பஸ்ஸில் கழித்தேன்.

எங்கள் ஆட்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகிக் கிடந்த பர்மிய மலைப்பாம்புகளை அந்த ஊர் ஆட்களால் எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை. இவர்கள் இரண்டு வாரத்துக்குள் 13 பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லோரும் அழுதோம். அதே தெருவில் சாதிச் சான்றிதழ் இல்லாமல் பதினொன்றாம் வகுப்போடு நின்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள், செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிவிட்டு வெளியே வர முடியாமல் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

காட்டுப்பூ எழுதியது:

ஒரு சந்தேகம், தப்பாக நினைக்க வேண்டாம். பானையில் அடைத்துவைத்து நாலு முறை விஷம் எடுப்பது பாம்புக்குத் துன்பம் இல்லையா? விட்ட பிறகு அது பிழைக்கிறதா? ஆய்வகத்திலேயே பாம்பை வளர்த்து எடுக்கக் கூடாதா?

கன்னியம்மா துணை எழுதியது:

தப்பாக நினைக்கவில்லை. துன்பம் இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். பிடிபடுவதே அதற்குப் பயம்தான். மூன்று நாலு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் நாலு தடவையோடு விடுவது. பாம்பு மெலிந்தால் சங்கத்துக்கே நஷ்டம், அதனால் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். ஆய்வகத்தில் வளர்க்கலாம், சில நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். பராமரிப்பும் சுத்தமும் நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படி வந்தால் எங்கள் ஆட்களைப் பராமரிப்பாளராகவாவது வேலைக்கு வையுங்கள் என்றுதான் கேட்பேன். எங்களை வெளியே நிறுத்திவிட்டு எங்கள் வித்தையை உள்ளே எடுத்துப்போகக் கூடாது.

குறுவை எழுதியது:

எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், வயல் நடுவில் வீடு. இதையெல்லாம் படித்ததிலிருந்து ராத்திரி தூக்கம் இல்லை. போன வாரம் சுவரில் ஏறிய பாம்பு ஒன்றை வீட்டுக்காரர் அடித்துப்போட்டார். கறுப்பில் வெள்ளைப் பட்டை. கட்டுவிரியனா? பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும், கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்று மாமியார் சொல்லிப் பிள்ளைகளும் நடுங்குகிறார்கள்.

ஏரிக்கரை எழுதியது:

சகோதரி, சுவரில் ஏறியது என்றால் பெரும்பாலும் வெள்ளிக்கோல் வரையனாக இருக்கும், விஷம் கிடையாது, பல்லி தேடி வருவது. கட்டுவிரியன் சுவர் ஏறுவது அரிது. எங்கள் பெரியவரிடம் கேட்டபோது அவர் சொன்ன வித்தியாசம் இது. வரையனுக்குக் கழுத்திலிருந்தே பட்டை பளிச்சென்று இருக்கும், வால் பக்கம் போகப்போக மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் மங்கல், வால் பக்கம் போகப்போகத் தெளிவு. ஆனால் கடித்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் போடாதீர்கள், ஆஸ்பத்திரிதான்.

கொம்பேறி மூக்கன் மரத்திலேயே இருக்கும் விஷமில்லாத பாம்பு. யாரையும் சுடுகாடு வரை துரத்தாது. பச்சைப்பாம்புக்கு லேசான விஷம் உண்டு, ஆனால் உயிருக்கு ஆபத்து கிடையாது.

எங்கள் வீட்டில் இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன். எல்லோருக்கும் கட்டில். கட்டில் வாங்க முடியாதவர்கள் கொசுவலையை எடுத்துப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிட்டாலே போதும், கட்டுவிரியன் உள்ளே வராது. செங்கல், விறகு, வறட்டி, ஓலை எதையும் சுவரை ஒட்டி அடுக்குவதில்லை. நெல் மூட்டையைக் கூடத்திலிருந்து தள்ளிவைத்துவிட்டோம். எலி வராவிட்டால் பாம்புக்கு நம் வீட்டில் வேலை இல்லை. ராத்திரி வெளியே போனால் கையில் டார்ச், காலில் செருப்பு.

கடைமடை எழுதியது:

குறுவை அக்காவுக்கு ஒன்று. சாரையை மட்டும் அடிக்கவிடாதீர்கள். எங்கள் கடைமடையில் வரப்பெலி விழுந்தால் ஒரே ராத்திரியில் பால் பிடித்த கதிரை அறுத்துப் போட்டுவிடும். வளைக்குள் போய் எலிக்குஞ்சைத் தின்னும் ஆள் பாம்புதான். எங்கள் ஊரில் சாரையை அடித்துத் தீர்த்தார்கள், அடுத்த இரண்டு போகமும் எலிக்கு விஷம் வைத்தே காசு கரைந்தது.

கன்னியம்மா துணை எழுதியது:

எலி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அறுப்பு முடிந்ததும் எங்கள் ஆட்கள் வரப்பில் எலி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டைப் பானையில் வைக்கோலை அடைத்து, நெருப்பு வைத்து, வளை வாயில் கவிழ்த்து, பின்னாலிருந்து வாயால் ஊதுவார்கள். புகை உள்ளே போய் எலி மயங்கும். ஊதுகிறவன் நெஞ்சுக்குள்ளும் அதே புகைதான் போகும். என் சித்தப்பாவுக்கு நாற்பது வயதிலேயே மூச்சு வாங்கும், உதட்டில் தீக்காயத் தழும்பு. கையால் சுற்றும் புகைக்கருவி வந்த பிறகு ஓரளவு பரவாயில்லை, ஆனால் எல்லோரிடமும் அது இல்லை. வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லைத் தோண்டி எடுத்துப் புடைத்துக் கஞ்சி வைத்த நாட்களும் உண்டு, நான் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவன். குடும்ப ஆரோக்கியம் என்று பேசும்போது பாம்பு பிடிப்பவனின் நெஞ்சையும் சேர்த்துப் பேசுங்கள்.

தேயிலைத்தூள் எழுதியது:

வால்பாறையிலிருந்து எழுதுகிறேன். ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது. எங்கள் மலையில் மூக்கு நுனி மேலே தூக்கினாற்போல் இருக்கும் சின்னக் குழிவிரியன் உண்டு. தேயிலைச் செடிக்கு அடியில் காய்ந்த இலை நிறத்திலேயே கிடக்கும், கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கண்ணில் படாது. இங்கே கிடைக்கும் மருந்து அந்த நான்கு பாம்பின் விஷத்தில் செய்தது, இந்த விரியனுக்கு அது வேலை செய்யாது. அதனால் மலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. சிறுநீரகத்தைக் கவனிக்கவும், ரத்தப்போக்கைக் கவனிக்கவும் அங்கேதான் முடியும்.

பாம்பு ஒரே ஜாதியானாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து வடக்கே சில இடங்களில் அவ்வளவாகக் கேட்பதில்லை. மற்ற மாநிலங்களிலும் இதுபோல் சங்கங்கள் வேண்டும்.

வன்னிமண் எழுதியது:

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுறன். நீங்கள் கண்ணாடி விரியன் எண்டு சொல்லுறதை நாங்கள் புடையன் எண்டு சொல்லுவம். வயலுக்குள்ள அதுதான் எங்களுக்குப் பெரிய பயம். எங்கட ஆஸ்பத்திரிகளில போடுற மருந்தும் இந்தியாவில இருந்துதான் வருது. அதுக்குள்ள அங்கத்தைய இருளர் சனத்தின்ர கை இருக்கெண்டு இண்டைக்குத்தான் அறிஞ்சன். அந்தத் தம்பியின்ர அப்பாவுக்கு எங்கட வணக்கத்தைச் சொல்லுங்கோ.

இரவுப்பணி எழுதியது:

எல்லோரும் தெரிந்துகொள்ள ஒரு தகவல். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வந்த ஆய்வு சொல்கிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 58,000. அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். ஆஸ்பத்திரிக்கே வராமல் வீட்டில் இறப்பவர்கள் அரசுக் கணக்கில் ஏறுவதில்லை, அதனால்தான் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் கணக்கில் ஏற்ற வேண்டும். எந்த வட்டாரத்தில் கடி அதிகம் என்று தெரிந்தால், அங்கே மருந்தையும் மூச்சுக்கருவியையும் முன்கூட்டியே வைக்க முடியும். உங்கள் ஊரில் யாருக்காவது கடி பட்டால் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஏரிக்கரை எழுதியது:

ஒரு வாரமாக எழுத முடியவில்லை, நடவு. இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு நீங்கள் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன். கன்னியம்மா துணை தம்பி எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "அந்தப் பெரியவருக்கு மோர் எதுல குடுத்தீங்க?" என்று கேட்டார். பின்வாசலில், தனியாக வைத்திருக்கும் சொம்பில் கொடுத்தோம். எங்கள் வீட்டு வழக்கம் அது, நானும் யோசிக்காமல் செய்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்தச் சொம்பு வீட்டில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் அவர் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டோம். முதலில் வரத் தயங்கினார். முன்வாசல் வழியாக வந்து கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எந்த இடத்தில் பாய் போட்டிருந்தேன், கை எப்படி இருந்தது என்று அம்மா அவரிடம் காட்டிக்கொண்டே இருந்தார். "பாம்பு உங்களக் கடிக்க வரலம்மா, எலி தேடி வந்திருக்கு. தூக்கத்துல புரண்டு அதுமேல கை பட்டிருக்கும்" என்றார் அவர். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மாவைக் கும்பிட இருளர் எல்லோரும் கூடுவார்களாம், எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார். அம்மா இப்போதே ஒரு மூட்டை பொன்னி எடுத்துவைத்துவிட்டார்.

பேச்சுவாக்கில் தெரிந்தது, அவர் பேத்தி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். சாதிச் சான்றிதழ் இல்லாததால் மேலே விண்ணப்பிக்க முடியாமல் வீட்டில் இருக்கிறாள். மூன்று தடவை அலைந்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் வேறொரு தாள் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன். தம்பி, என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லுங்கள்.

கன்னியம்மா துணை எழுதியது:

அண்ணா, பழங்குடிச் சான்றிதழ் தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அப்பா, தாத்தா, பெரியப்பா, அத்தை என்று ரத்த உறவில் யாருக்காவது சான்றிதழ் இருந்தால் அதன் நகல் ரொம்ப முக்கியம். ரேஷன் கார்டு, ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், உறவைக் காட்டும் வம்சாவளி எழுதிய தாள் எல்லாம் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அந்தப் பெரியவரின் அண்ணன் தம்பி யாராவது சங்கத்தில் உறுப்பினரா என்று அப்பாவிடம் கேட்டுப் பார்க்கிறேன், பெயர் இருந்தால் அந்த நகலும் உதவும். திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பெரியவரைத் தாத்தா காலத்து ஊர்ப்பெயரை மட்டும் நினைவுபடுத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள், அதைக் கட்டாயம் கேட்பார்கள்.